நரம்பு என்று சொன்னார்கள்

முட்டிக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்ததா? பக்கத்தில் நின்றவருக்கே கேட்கிற மாதிரி? அப்படியென்றால் இதைப் படியுங்கள். சத்தம் வரவில்லை, வெறும் வலிதான் என்றால் உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம். டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

எனக்கு அந்தச் சத்தம் ஆடி மாதத்தில் ஒரு காலை, ஓடத்துறை பக்கம் வந்தது. ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஒரு ஆடு ஓடியது. வண்டி நிற்பதற்கு முன்பே வலது காலைத் தரையில் ஊன்றினேன். பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது முட்டி.

நான் ஸ்ரீரங்கத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ‘வண்டி நின்ன பிறகு காலை ஊனுங்க’ என்று பதினான்கு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லி வந்தவள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பார்கள். அந்த ஆட்டுக்குக்கூட அன்று என்னைவிட நிதானம் இருந்தது.

மாலைக்குள் முட்டி பலாக்கொட்டை வேகவைக்கிற சட்டி மாதிரி வீங்கிச் சுட்டது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. ஆனால் திரும்பும்போது மட்டும் மேல் எலும்பு ஒரு பக்கமும் கீழ் எலும்பு ஒரு பக்கமும் போவதுபோல் முட்டி வழுக்கியது. கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது.

தென்னூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏ.சி.எல். முழுசா கிழிஞ்சிருக்கும்மா” என்றார்.

ஏ.சி.எல். (முன் குறுக்கு நார்) என்பது முட்டிக்கு நடுவே குறுக்காக ஓடும் ஒரு நார். மேலே தொடை எலும்பு, கீழே கணுக்கால் வரை போகும் கால் எலும்பு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கின்றன, குழியில் குண்டு மாட்டியதுபோல் எதுவும் கிடையாது. சுற்றிலும் உள்ளேயும் இருக்கும் நார்கள்தான் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது சுழன்றுவிடாமலும் பார்த்துக்கொள்வது இந்த முன் குறுக்கு நார். ஊரில் இதையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஜவ்வு என்று சொல்லிவிடுவார்கள்.

“தானா ஒட்டாது. தொடையிலேருந்து டெண்டன் எடுத்து அந்த இடத்துல புதுசா வெக்கணும். வெளியில உள்ளவங்க விவரமா சொல்லுவாங்க” என்றார் டாக்டர். வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வெளியில் மேசையில் இருந்த பெண் முதலில் கேட்டது, “கூட யாரும்மா வந்திருக்காங்க?”

“யாரும் வரலை.”

“ஆபரேஷனுக்கு ஒரு அட்டெண்டர் வேணும். கூடப் பொறந்தவங்க, வீட்டுக்காரர், யாராச்சும்.”

சொல்கிறேன் என்றேன். பிறகு அந்தப் பெண் அன்பாகத்தான் விளக்கினாள். “ஒண்ணும் பயப்படாதீங்க. தொடைக்குப் பின்னாடி ரெண்டு நரம்பு இருக்கும். அதை உருவி எடுத்து முட்டிக்குள்ள வெச்சுடுவாங்க. அவ்வளவுதான்.”

நரம்பு. அந்த ஒரு சொல்லோடு நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் அப்பா பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மகளாக வீட்டில் நான் இருந்தேன். தூக்கி உட்காரவைத்ததும், துடைத்துவிட்டதும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்ததும் நான்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: ‘நரம்பு போயிடுச்சு.’ நரம்பு போனால் என்ன ஆகும் என்று ஆறு வருடம் என் கையால் பார்த்தவள் நான். இருக்கிற நல்ல நரம்பை உருவிக் கொடு என்றால் கொடுப்பேனா?

எனக்குக் கால் வேண்டும். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அந்த பிரேக்கை அழுத்த வேண்டியது என் வலது கால். வாய் ஆயிரம் சொல்லும். கடைசியில் அந்தப் பெண்களையும் எதிரே வருகிறவர்களையும் காப்பாற்றுவது அந்தக் கால்தான். அது இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால், அப்பா போன பிறகு, என்னோடு பேச யாரும் இல்லை.

ஒரு வைத்தியர் முட்டை, உளுந்து மாவு வைத்துக் கட்டினார். முட்டிக்கு உறை வாங்கி மாட்டிக்கொண்டேன். சட்டென்று திரும்பாமல் முழு உடம்போடு திரும்பப் பழகினேன். பதினோரு மாதம் இப்படி ஓட்டினேன். அவ்வப்போது முட்டி நழுவும், இரண்டு நாள் வீங்கும், பிறகு சரியாகும். சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்த நினைப்பில் இருந்தால், தயவுசெய்து எழுந்து டாக்டரிடம் போங்கள்.

அடுத்த ஆனியில் தென்னூரிலிருந்து ஒரு பெண் கார் பழக வந்தார். பெயர் ரஹ்மத். ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணவர் சவூதியில். விடுமுறையில் வந்தபோது ஒரு கார் வாங்கி உறை போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

“அவரு வர்ற வரைக்கும் அதைத் தொடச்சுக்கிட்டே இருக்கறதா டீச்சரம்மா? எனக்கும் அல்லாஹ் ரெண்டு காலு ரெண்டு கையி குடுத்திருக்கான்ல?” என்றார். முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இருபது நாள் வகுப்பில் ஒன்பதாவது நாள். கொள்ளிடக்கரைச் சாலை. எதிரே சைக்கிளில் தயிர்க்காரர் ஒருவர் வந்தார். ரஹ்மத்தக்கா பயந்து பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இது தினமும் நடப்பதுதான், அதற்குத்தான் நான் இருக்கிறேன். பிரேக்கை நோக்கிக் காலை நீட்டினேன். கால் நீளவில்லை.

முட்டி பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ ஆப்பு வைத்ததுபோல. உயிர் போகிற வலி. எப்படியோ கையால் ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி திமிறி நிற்பதற்குள் சைக்கிளின் முன்சக்கரம் வளைந்துவிட்டது. தயிர்க்காரர் மேட்டுப் பக்கம் குதித்துவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. சாலையெல்லாம் தயிர்.

“எந்த ஊருல பிரேக்கு புடிக்கக் கத்துக்கிட்டீங்க?” என்று அவர் கத்தினார். ரஹ்மத்தக்கா, “நான்தாங்க மிதிச்சேன், நான்தான் தப்பா மிதிச்சேன்” என்று அழுதார்.  தவறு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அதே தென்னூர் டாக்டர். பதினோரு மாதத்துக்கு முந்தைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். “ஏம்மா அப்பவே வரலை?”

“நரம்பு எடுக்கணும்னு சொன்னாங்க. எங்கப்பாவுக்கு நரம்பு போய்தான் டாக்டர் கால் விளங்காமப் போச்சு.”

 அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மூளையிலேருந்து சேதி கொண்டு போறதும் நரம்புதான். கையில ஊசி குத்துற ரத்தக்குழாயும் நம்ம பேச்சுல நரம்புதான். தசையை எலும்போட கட்டுற நாரும் நரம்புதான். எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் எடுக்கப்போறது நாரும்மா. கயிறு மாதிரி. அதுக்குச் சேதி கொண்டு போற வேலையே கெடயாது. எடுத்தா கொஞ்ச நாள் தொடைப் பின்பக்கம் பலம் கொறையும். போகப்போக அந்த எடத்துல ஓரளவுக்கு வளர்ந்துக்கவும் செய்யும்.”

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு மாதம் எந்தப் பயத்தில் கிடந்தேனோ அது அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அந்த மேசைப் பெண்மீது வரவில்லை, அவள் எல்லோரும் பேசுகிற தமிழைத்தான் பேசினாள். திரும்பி ஒரு கேள்வி கேட்காமல் எழுந்துவந்த என்மீதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்காததற்கு நான் கொடுத்த விலையை அவர் அடுத்துச் சொன்னார். குறுக்கு நார் இல்லாமல் எலும்புகள் நழுவி நழுவி, நடுவில் இருந்த மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புக்கும் இடையே மெத்தையாக இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு) கிழிந்துவிட்டது. கிழிந்த துண்டு புரண்டு வந்து நடுவில் மாட்டிக்கொண்டதால்தான் முட்டி பூட்டிக்கொண்டது. “தைக்க முடிஞ்சா தைக்கிறேன். நைஞ்சு போயிருந்தா வெட்டித்தான் எடுக்கணும். அது திரும்ப வளராது.”

“டாக்டர், நான் திரும்ப பிரேக் பிடிக்க முடியுமா?” அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“புது நாரை எங்க வெக்கிறோம்ங்கறதுதான் பாதி வேலை” என்றார். “நீங்க கார் ஓட்டுறவங்க. சீட் பெல்ட் ஏன் தோள்லேருந்து இடுப்புக்குக் குறுக்கால போகுது? தலைக்கு மேலேருந்து நேரா ஒரு பட்டை தொங்கவிட்டா போதாதா?”

“போதாது. பக்கவாட்டுல திரும்பினா உடம்பு நழுவிடும்.”

“அதேதான். இந்த நாரும் குறுக்காலதான் ஓடணும். மேல் எலும்புல நான் போடுற ஓட்டை கொஞ்சம் முன்னாடி போச்சுன்னா, முட்டியை மடக்குறப்ப நார் இறுகும், மடங்கவே விடாது. ரொம்ப மேல போச்சுன்னா நார் நேரா நின்னுடும். நடக்கலாம், ஆனா திரும்புறப்ப நழுவும். பழைய நார் எங்க ஒட்டியிருந்துதோ அந்தத் தடத்துலயே வெக்கணும். ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.”

கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று கற்றுக்கொடுக்க நானும் அதே அளவு இடத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். முதல்முறையாக அந்த மருத்துவமனையில் எனக்குப் புரிகிற பேச்சை ஒருவர் பேசினார்.

“கூட யாரு வருவாங்க?” என்று இவரும் கேட்டார்.

லால்குடியில் இருக்கும் அக்கா வசந்தாவைக் கூப்பிட்டேன். குறுவை நடவு நேரம். “ஆளு கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு மல்லி. ரெண்டு நாள் வரேன், மூணாம் நாள் போயாகணும்” என்றாள். காலை ரயிலில் வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் கையில் சேற்று வாசம் இருந்தது.

முதுகில் ஊசி போட்டார்கள் (தண்டுவட மயக்கம்: விழிப்பு இருக்கும், இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது). முதலில் கால்கள் சுட்டன, பிறகு கனத்தன, பிறகு காணாமல் போயின. கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்ததாகத்தான் நினைத்தேன். “அசையலை, சரியா இருக்கு” என்றார் மயக்க டாக்டர்.

அப்போது அப்பாவை நினைத்தேன். ‘காலை மடக்குங்கப்பா’ என்று நான் சொல்லும்போதெல்லாம் ‘மடக்கிட்டேனே’ என்பார். வீம்பு பிடிக்கிறார் என்று பல நாள் கத்தியிருக்கிறேன். அவர் மடக்கித்தான் இருக்கிறார். சேதி போகவில்லை. அதை நான் தெரிந்துகொள்ள அவர் செத்து நாலு வருடமும் முதுகில் ஒரு ஊசியும் வேண்டியிருந்தது. மேசையில் படுத்தபடி அழுதேன். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். எதுவும் வலிக்கவில்லை.

முட்டிக்குள் நுழைத்த சிறு கேமரா வழியாகத் திரையில் அதன் உள்பக்கம் தெரிந்தது. பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார், பார்க்கிறேன் என்றேன். எலும்பு முனைகள் உரித்த நுங்குபோல் வழவழப்பாக, வெள்ளையாக இருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை எனக்குள் வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருடம் நான் பார்த்ததே இல்லை. நடுவில் பழைய நாரின் மிச்சம் எரிந்த திரிபோல் நைந்து தொங்கியது.

மெனிஸ்கஸைத் தைக்க முடியவில்லை. உள்பக்கத்து மெத்தையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டித் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். திரையில் அது போவதைப் பார்த்தேன். அந்தப் பதினோரு மாதம்தான் வெளியே போகிறது என்று தோன்றியது.

பக்கத்து மேசையில் ஒரு உதவி டாக்டர் என் தொடையிலிருந்து எடுத்த நாரை இழுத்துக் கட்டி முனைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்த பிறகு பென்சில் பருமன். ஈரமான வெள்ளைக் கயிறு. நான் பயந்த ‘நரம்பு’ அதுதான்.

பிறகு துளை போடும் நேரம் வந்தது. தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழின் உட்சுவரில் மெல்லிய கம்பியை வைத்தார் டாக்டர். எடுத்தார். “இங்க வேணாம். இன்னும் கொஞ்சம் பின்னாடி.” மறுபடி வைத்தார். முட்டியை நன்றாக மடக்கிப் பார்த்தார். அளந்தார். “இல்லை, ஒரு ரெண்டு மில்லி கீழ.”  என் மீதி வாழ்க்கை முழுவதும் ஒரு நெல்மணி அகலத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. “ம்... இதான் தடம். போடலாம்” என்றார். துளை போடும் சத்தம் இடுப்பெலும்பு வழியாகக் காதுவரை வந்தது.

கீழ் எலும்பில் இன்னொரு துளை. அதன் வழியாக நாரை மேலே இழுத்து, மேல் முனையை ஒரு சிறு உலோகப் பொத்தானிலும் கீழ் முனையை நாளடைவில் கரைந்துவிடும் ஒரு திருகிலும் மாட்டினார்கள். காலை மடக்கி நீட்டி, முன்னால் இழுத்து, சுழற்றிப் பார்த்தார். நழுவவில்லை.

மூன்றாம் நாள் வசந்தா போய்விட்டாள். போவதற்கு முன் ஒரு வாரத்துக்கு மாவு அரைத்து வைத்தாள், புளிக்காய்ச்சல் கிளறி வைத்தாள். “பாத்துக்கடி” என்றாள். வேறு என்ன சொல்வாள் பாவம்.

கிழக்கு அடையவளஞ்சான் தெருவில் எனக்கு ஒரு மாடிப் போர்ஷன். தனியாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். ஊன்றுகோல் இரண்டையும் பிடித்தால் காபி டம்ளரைப் பிடிக்கக் கை இருக்காது. யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் கொண்டுவந்து கொடுக்க ஒருவர் இருக்கிறார். ஃபிளாஸ்கில் காபியை ஊற்றி, மஞ்சப்பையில் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து கட்டிலுக்கு வருவேன். கண்ணாடியில் பார்த்தபோது தபாலைத் தொலைத்த தபால்காரர் மாதிரி இருந்தேன். சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாததால் சீக்கிரம் நின்றுவிட்டது.

மதியங்கள்தான் நீளம். காலையில் பயிற்சி, தையல் பிரித்த இடத்துக்கு எண்ணெய், ஐஸ் ஒத்தடம் என்று ஏதாவது இருக்கும். இரண்டு மணிக்கு மேல் தெருவே தூங்கும். போன் ஒலிக்காது. என்னிடம் பழகிக்கொண்டிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். தப்பு இல்லை, அவர்களுக்கும் அவசரம். ரஹ்மத்தக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவார்.

“முட்டி எத்தனை டிகிரி மடங்குது டீச்சரம்மா?”

“தொண்ணூறு.”

“மாஷா அல்லாஹ். நான் துஆ செய்றேன். எனக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க.”

“வேற எடத்துல போய் முடிச்சுக்கலாமேக்கா.”

“எனக்கு உங்க வசவு பழகிடுச்சு” என்று வைத்துவிடுவார். வாரத்தில் இரண்டு நிமிடம். மீதி நேரம் முட்டியோடுதான் பேசினேன்.

பத்தாவது வாரம் வலியே இல்லை. ஊன்றுகோல் போயாகிவிட்டது, மாடி ஏறி இறங்கினேன். நேராக டாக்டரிடம் போய், நாளையிலிருந்து வகுப்பு எடுக்கப்போகிறேன் என்றேன்.

“இப்பதாம்மா அது ரொம்ப பலவீனமா இருக்கு” என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புதிது, உங்களுக்கும் புதிதாக இருக்கலாம். எடுத்து வைத்த நாருக்குப் பழைய இடத்தில் கிடைத்த ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்து ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும். இடையில் நாரின் பழைய அணுக்கள் சாகும், புதியவை குடியேறும். வைத்த அன்று இருந்த பலம் அப்போது இருக்காது. வலி போய், வீக்கம் போய், எல்லாம் நன்றாயிற்று என்று நோயாளி துள்ளும் நேரமும், உள்ளே நார் மிகவும் நொய்ந்து கிடக்கும் நேரமும் ஒன்றே.

“அப்ப என் உடம்பு சொல்றதை நான் நம்பக் கூடாதா?”

“இந்த விஷயத்துல கூடாது. நாள்காட்டியை நம்புங்க.”

வீட்டுக்கு வந்து எரிச்சலோடு படுத்திருந்தேன். பிறகு எரிச்சல் போய், அந்த நாரின்மீது ஒரு பரிதாபம் வந்தது. இருந்த இடத்தை விட்டு வந்தாயிற்று, வந்த இடத்தில் இன்னும் ஒட்டவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

பிறகு கவிதாவிடம் போனேன். ஸ்ரீரங்கத்திலேயே பிசியோதெரபி (உடற்பயிற்சி சிகிச்சை) செய்கிறவர். முப்பது வயதுதான், ஆனால் என்னைவிடக் கறார். சுவரில் எடை பார்க்கும் தராசைச் சாய்த்து வைத்து, நாற்காலியில் என்னை உட்காரவைத்து, முன்னறிவிப்பில்லாமல் “பிரேக்!” என்று கத்துவார். நான் தராசை மிதிக்க வேண்டும்.

“லேட்டு” என்பார்.

“மிதிச்சேனே.”

“மிதிச்சீங்க. அதுக்கு முன்னாடி யோசிச்சீங்க. முகத்துலயே தெரியுது. தயிர்க்காரர் போயாச்சு.” கதையை அவரிடம் சொன்னது என் தப்பு.

முட்டிக்குள் இருந்த பழைய நாரில் நிஜமான நரம்புகளும் இருந்தன என்று அவர்தான் சொன்னார், மெல்லிய இழைகளாக. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அவை. நார் அறுந்தபோது அவையும் போய்விட்டன. புது நாரில் அவை முழுசாகத் திரும்ப வராது. தொடைத் தசைகளும் தோலும்தான் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றதெல்லாம் அதற்காகத்தான். நரம்பை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஓடினேன். அந்த நரம்போ, ஆட்டைப் பார்த்த அன்றே போயிருந்தது.

மார்கழியில் ஏகாதசிக் கூட்டம். தடுப்புகள் கட்டிவிட்டார்கள், ஆட்டோ தெருவுக்குள் வரவில்லை. கவிதாவிடம் நடந்துதான் போக வேண்டும். தேவையே இல்லாமல் பழைய முட்டி உறையை எடுத்துச் சுடிதாருக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிறபடி கட்டிக்கொண்டேன். அதைப் பார்த்து யாராவது விலகுவார்கள் என்று எண்ணம். யாரும் குனிந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கோபுரத்தின் மேல். தோளும் முழங்கையும் இடிக்க, அந்தக் கூட்டத்தில் என் முட்டியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆளாக நடந்து போனேன். முட்டி நழுவவில்லை.

மாசியில் டாக்டர் காலை இழுத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “போங்க” என்றார். மெத்தை குறைந்திருப்பதால் வயதாகும்போது தேய்மானம் சீக்கிரம் வரலாம், எடை ஏறக் கூடாது என்றும் சொன்னார். அது வரும்போது வரட்டும். வகுப்புக்குப் போகலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு எட்டு மாதம் காத்திருந்தேன்.

மறுநாளே ரஹ்மத்தக்கா வந்தார். இருவரும் தயிரைப் பற்றிப் பேசவில்லை. அவர் வண்டியை எடுக்கும்போது என் வலது பாதம் பிரேக்குக்கு மேலேயே காத்திருந்தது. அவர் கையும் ஸ்டியரிங்கை விட்டுக் கியருக்கு வர மறுத்தது. நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் காவிரிப் பாலத்தில் ஏறினோம். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்குகள் இரண்டும் எங்கள் வண்டியில் ஒரே கம்பியில் இணைந்தவை, ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, வண்டி நின்றிருந்ததும் என் பாதம் அடிவரை அழுந்தியிருந்ததும். நடுவில் யோசித்ததாக நினைவே இல்லை.

“நீங்க மிதிச்சீங்களா, நான் மிதிச்சேனா?” என்றார் அவர், மூச்சு வாங்க.

“தெரியலைக்கா.”

“ரெண்டு பேரும்தான் போல.” பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளட்சை மெதுவாக விடச் சொன்னேன்.

பங்குனியில் அவர் கைக்கு லைசென்ஸ் வந்தது. உறையைக் கழற்றிய சொந்தக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து அடையவளஞ்சான் தெருவில் இறக்கிவிட்டார். இனி தென்னூர் வரை தனியாகப் போக வேண்டும். முதல் தடவை. “போய்ச் சேந்ததும் போன் பண்றேன் டீச்சரம்மா” என்றார். கை காட்டினேன். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டார், சரியாகத் திரும்பினார்.

நான் வாசலிலேயே நின்றேன். மாம்பழச் சாலை வந்திருக்கும். இப்போது பாலத்தில் இருப்பார். சத்திரம் பக்கம் நெரிசலாக இருக்கும். போன் வந்தது.

“வந்துட்டேன். ஒரு கீறல் இல்லை. வீட்டுல எல்லாரும் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்.”

மணியைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு மேலாக எனக்கு நேரம் சொன்னதே இந்த முட்டிதான். முதலில் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு வலி, வலி போன பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒரு கனம். மணி பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அந்த நாற்பது நிமிடமும் எனக்குக் கால் இருப்பதே தெரியாமல் போயிருந்தது. இது எல்லோருக்கும் இருப்பதுதான், நல்ல கால் உள்ளவர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. ‘நின்னுட்டேன், நாப்பது நிமிஷம், தெரியவே இல்லை’ என்று உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ரஹ்மத்தக்கா அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார்.